இரண்டாவது போன்

"இரண்டு," என்றாள் கலாதேவி.

சமையலறைக் கதவுக்கு வெளியே நின்ற தயாபரனுக்குத் திக்கென்றது. மனைவிக்கு அவர் வாங்கிக் கொடுத்தது ஒரேயொரு போன்தான்.

எத்தனை பெண்களிடம் சொந்தப் போன் இருக்கிறது என்று பல்கலைக்கழகம் ஒன்று ஆய்வு செய்கிறதாம். ஜெர்மனியின் டோர்ட்மண்டில் தமிழ் வீடுகளுக்குப் போய்க் கேட்கும் வேலை மிதுசா என்ற மாணவிக்கு. "பெண்களைத் தனிய வைச்சுத்தான் கேக்கவேணும் அங்கிள்," என்று சொல்லிக் குசினிக் கதவைச் சாத்தியவளும் அவள்தான்.

அதற்கு முன் தயாபரன் முன்னறையில் இருந்து பெருமையாகத்தான் பதில் சொல்லியிருந்தார். "எங்கட வீட்டில ஆம்பிளை, பொம்பிளை எண்ட வித்தியாசமே இல்லைப் பிள்ளை. எனக்கு ஒண்டு, மனிசிக்கு ஒண்டு. ஹம்பேர்க்கில கட்டிக் குடுத்த மகள் சாரங்காவுக்கும் மருமகன் நல்ல விலையில ஒண்டு வாங்கிக் குடுத்திருக்கிறார். நாங்கள் அடிச்சால் அவர்தான் எடுத்துக் கதைப்பார். அவ்வளவு மரியாதை!"

மிதுசாவின் விரல் திரையில் ஒரு கணம் நின்றது. "இந்த வீட்டில இருக்கிற ஆக்களை மட்டும்தான் பதியலாம் அங்கிள்," என்றாள்.

கேள்விகள் முடிந்து மிதுசா போனதும், தயாபரன் மனைவியிடம் மெதுவாகத் தொடங்கினார்.

"என்னவாம் கேட்டவள்?"

"போன் இருக்கோ எண்டு கேட்டவள்."

"நீ என்ன சொன்னனி?"

"இருக்கெண்டன்." கலாதேவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு, கீழே நிலவறையில் இருக்கும் மெஷினில் போட இறங்கிப் போனாள்.

அவளுடைய போன் மேசையில் கிடந்தது. அதற்கு இரகசிய எண் போட்டுக் கொடுத்தவரே அவர்தான். யார் யார் அழைப்பு எடுத்தார்கள் என்று தினமும் ஒருமுறை பார்ப்பார். அதை ஒரு பிழையாக அவர் நினைத்ததேயில்லை. இப்போதும் பார்த்தார். பாரிஸில் இருக்கும் அவள் தங்கச்சி, பல் டொக்டர், பிறகு அவரே. வேறு எவருமில்லை.

அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இரண்டு மாதமாகக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நெடுநேரம் நிற்கிறாள். கொட்டும் குளிரில் பல்கனியில் தனியே நிற்கிறாள். முதியோர் இல்லச் சமையலறையில் அவளோடு வேலை செய்யும் ஸ்ரீதரன், போன கிழமை மட்டும் மூன்று தரம் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். கேட்டால், "பஸ்ஸை விட்டிட்டன்."

கைப்பையைக் கொட்டினார். அலுமாரியைக் கிளறினார். மெத்தையைத் தூக்கிப் பார்த்தார். கடைசியில் அவளுடைய பனிக்காலச் சப்பாத்துக்குள், காலுறையில் சுற்றியபடி அகப்பட்டது. பழைய பட்டன் போன்.

உள்ளே ஒரேயொரு இலக்கம். பெயருக்குப் பதிலாக 'எஸ்' என்ற ஒற்றை எழுத்து.

ஸ்ரீதரன்!

தயாபரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அகதி முகாமில் ஒரு கட்டில், ஒரு கோப்பையோடு தொடங்கிய வாழ்க்கை. முப்பது வருடம்.

வாசலில் கூடை விழுந்த சத்தம் கேட்டு நிமிர்ந்தார். கலாதேவி வெளிறிப்போய் நின்றாள்.

"ஐயோ, அதில அடிக்காதேங்கோ!"

"ஏன், அவன் எடுத்திடுவான் எண்டு பயமோ?"

"உங்கட காலைப் பிடிக்கிறன். இந்த நேரம் எடுக்கக்கூடாது. நான் எல்லாம் சொல்லுறன், முதல் அதைத் தாங்கோ."

"எத்தினை நாளா நடக்குது?"

அவள் பறிக்க வந்தாள். அவர் கையை உதறிவிட்டுப் பட்டனை அழுத்தினார். மணி ஒருதரம் அடித்தது. இரண்டாம் தரம் அடித்தது. அவனைக் கிழித்துப்போடுவது என்று வாயைத் திறந்தார்.

மறுமுனையில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு குரல் கிசுகிசுத்தது.

"அம்மா, ஏன் இப்ப எடுத்தனீங்கள்? அவர் வீட்டிலதான் நிக்கிறார், இந்தப் போனையும் பறிச்சுப்போடுவார்!"