சிவப்பு வட்டம்

“எட்டு!” என்று கிசுகிசுத்தாள் குளோரியா. தையல் மிஷின்களின் இரைச்சலில் அது பக்கத்து மிஷின் லவினாவுக்கு மட்டும்தான் கேட்டது.

கண்ணாடி ரூமிலிருந்து வெளியே வந்த நஃபுலா மேடம், சூப்பர்வைசர் ஆம்ப்ரோஸின் மேசைக்குப் போய், டாய்லெட் டோக்கனை எடுத்துக்கொண்டு நடந்தார்.

“இந்தம்மா கென்யாவுலேருந்து வேலை பார்க்க வந்துச்சா, இதுக்குன்னே வந்துச்சா?” என்றாள் லவினா.

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பில் கோபமும் கொஞ்சம் இருந்தது.

பின்னே? ஓசூர் ரோட்டிலிருக்கும் அந்த கார்மெண்ட்ஸ் கம்பெனிக்கு முதல்முறையாக ஒரு பெண் மேனேஜர் வருகிறார் என்றதும், நீலசந்திராவிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆம்ப்ரோஸின் நோட்டு ஒழியும் என்று.

யார் எத்தனை தடவை டாய்லெட் போனார்கள் என்று எழுதும் நோட்டு அது. ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் போனால் சிவப்பு வட்டம். ஒரு மாதத்தில் மூன்று வட்டம் விழுந்தால் வேலை போச்சு.

மேடம் வந்த அன்றைக்கே நோட்டை வாங்கிப் பார்த்தார். ஆனால் ஒழிக்கவில்லை.

“என் பேரையும் இதுல எழுதுங்க. முதல் பேரா எழுதுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவருக்குத் தமிழ் வரும். கென்யாவில் பல வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். அங்கே சூப்பர்வைசர்கள் நம்ம ஊர்க்காரர்கள். “தமிழ்ல நான் முதல்ல கத்துக்கிட்டது திட்டுதான்” என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஆம்ப்ரோஸுக்குப் பரம குஷி. ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் முன்னால் கைகட்டி நிற்பதே அவருக்கு பேஜாராக இருந்தது. ‘கறுப்பம்மா’ என்று முதுகுக்குப் பின்னால் வேறு சொல்வார். இத்தனைக்கும் அவர் ஒன்றும் ரோஜாப்பூ நிறமில்லை. இப்போது தினமும் அந்தம்மா பெயரில் ஒரு வட்டம் போடும் பாக்கியம் கிடைத்திருந்தது.

குளோரியாவின் சிரிப்பு அன்று சாயங்காலம் வரைகூட நிற்கவில்லை.

அவளுக்குச் சர்க்கரை. சொன்னால் வேலையை விட்டு எடுத்துவிடுவார்களோ என்று பயந்து கம்பெனியில் சொல்லவில்லை. தண்ணீர் குடிப்பதைப் பாதியாகக் குறைத்தும் அந்த மாதம் இரண்டு வட்டம் விழுந்துவிட்டது. மூன்றரை மணிக்கு அடக்க முடியாமல் நாலாவது தடவையாக டோக்கனை எடுத்தாள்.

திரும்பி வந்தபோது ஆம்ப்ரோஸ் சிவப்புப் பேனாவோடு நின்றிருந்தார். கூடவே ஜி.எம். ஸ்ரீகண்டன்.

“மூணாவது வட்டம், குளோரியா. நாளையிலேருந்து வர வேணாம்” என்றார் ஆம்ப்ரோஸ்.

“சார், வீட்ல என் ஒரு சம்பளம்தான் சார்...”

“ரூல்னா ரூல்தாம்மா. நான் என்ன பண்ண முடியும்?” என்றார் ஸ்ரீகண்டன்.

“கரெக்ட் சார்.” பின்னாலிருந்து நஃபுலா மேடத்தின் குரல் வந்தது. “ரூல்னா ரூல்தான். ஆம்ப்ரோஸ், நோட்டை முதல் பேர்லேருந்து படிங்க.”

ஆம்ப்ரோஸ் ஆசையாகவே படித்தார். “நஃபுலா மேடம். வந்து பன்னெண்டு நாள். பன்னெண்டு வட்டம்.”

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

“அப்ப முதல்ல போக வேண்டியது நான்தானே? என்னை அனுப்பிட்டு அப்புறம் குளோரியாவை அனுப்புங்க.”

“மேடம், நீங்க மேனேஜர்...”

“மேனேஜருக்கு ஒரு வயிறு, டெய்லருக்கு ஒரு வயிறா சார்?”

ஸ்ரீகண்டன் குரலைத் தாழ்த்தினார். “உடம்புக்கு ஏதாவதுன்னா சொல்லுங்க மேடம். உங்களுக்கு மட்டும் விலக்கு குடுத்துடலாம்.”

“சொல்ல மாட்டேன். நானும் சொல்ல வேணாம், இங்க யாருமே சொல்ல வேணாம். அங்க எங்களுக்கும் ஒரு நோட்டு இருந்துச்சு சார். பயந்துக்கிட்டு தண்ணி குடிக்கிறதையே விட்டேன். ஒரு நாள் மிஷின் மேலயே மயங்கி விழுந்தேன். எழுந்ததும் முடிவு பண்ணேன், அந்த நோட்டு எழுதறவங்களுக்கு மேல ஒரு நாள் உட்காரணும்னு. உட்கார ஒன்பது வருஷம் ஆச்சு.”

சுவரிலிருந்த போர்டைக் கை காட்டினார். இந்தப் பன்னிரண்டு நாளில் மற்ற எந்த ஃப்ளோரும் இந்த ஃப்ளோர் அளவுக்குச் சட்டை தைத்திருக்கவில்லை.

“தினம் ஒன்பது தடவை எழுந்து போனவளோட ஃப்ளோர் சார் இது. கம்பெனி முழுகிப் போச்சா?”

ஸ்ரீகண்டன் போர்டைப் பார்த்தார். தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களையும் பார்த்தார். ஆம்ப்ரோஸின் கையிலிருந்த நோட்டை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“இனிமே இது வேணாம், ஆம்ப்ரோஸ். டோக்கனும் வேணாம்.”

ஃப்ளோர் முழுக்கக் கைதட்டல். “எங்க மேடம்!” என்று லவினாவிடம் பெருமையாகச் சொன்னாள் குளோரியா. கூடவே ‘எட்டு’ என்று எண்ணியது ஞாபகம் வந்து அவளுக்குக் கூசியது.

முகம் கழுவ டாய்லெட்டுக்குப் போனவள், அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த எல்லம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

“பாவம்க்கா மேடம். அவங்களுக்கும் என்னை மாதிரியே சர்க்கரை போல. அதான் ஒன்பது தடவை. அது தெரியாம எண்ணி எண்ணிச் சிரிச்சேனே!”

எல்லம்மா துடைப்பதை நிறுத்தினாள்.

“சர்க்கரையா? என்னடி சொல்ற? ரெண்டே தடவைதான் அந்தம்மா நெசமா உள்ள போகும். மத்த ஏழு தடவையும் இந்தா, இந்தக் குழாய்கிட்ட நின்னு வாட்ச்சைப் பார்க்கும். ரெண்டு நிமிஷம் ஆனதும் திரும்பிப் போயிடும்!”