தோத்தாத்ரியின் துடைப்பம்

பீர்க்கன்கரணை வீட்டு ஜன்னலில் குளவி கட்டியிருந்த மண்கூட்டை இடிக்கத் துடைப்பத்தை ஓங்கினார் தோத்தாத்ரி. காலனி கூட்டங்களில் மைக் பிடித்து மூடநம்பிக்கைகளை விளாசுகிறவர்.

"வேண்டாம் மாமா. குளவி கூடு கட்டினா வீட்டுல குழந்தை பொறக்கும்னு சொல்லுவா" என்றாள் மருமகள் சின்மயி, தலையைக் குனிந்தபடி.

"நான்சென்ஸ்!" என்றவரின் துடைப்பம் மெல்லக் கீழே இறங்கியது. உடனே மனைவிக்குக் குரல் கொடுத்தார். "சுந்தரவல்லி, இந்த ஜன்னலை இனிமே யாரும் தொடக் கூடாது!"

அறைக்குள் கணவன் கேஷவ் சின்மயியின் கையைப் பிடித்துக்கொண்டான். "நிஜமாவா? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. நம்ம கத்திரிச் செடியில இருக்கற புழுவையெல்லாம் அந்தக் குளவிதான் தூக்கிண்டு போறது."

கேஷவ் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டான். "இதையே அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"போன வாரம் சொன்னேனே. கேட்டுண்டேதான் ரெண்டு கூட்டை இடிச்சார்."