காவல் காத்த உழவு மெசின்

“இந்தக் காலத்துச் சனத்துக்கு எல்லாத்துக்கும் ஒரு விரல் போதும்! அமத்தினால் உழுமாம், அமத்தினால் விதைக்குமாம். அமத்தும் தம்பி, அமத்தும். இன்னும் நல்லா அமத்தும்!”

வீரகத்தியர் வரப்பில் தடியை ஊன்றி நின்று கத்தினார். உழவு மெசினில் ஏறியிருந்த விவசாயிகள் சங்கத்துச் சாரதி கொன்ஸ்ரன்ரைன் மறுபடியும் ஸ்ராட்டர் பொத்தானை அமத்தினான். ‘டிக்’ என்றது. அவ்வளவுதான்.

“பல்லி சொல்லுது. இண்டைக்கு உழவில்லையாம்” என்றார் கிழவர்.

வட்டக்கச்சியில் மற்ற எல்லாரும் உழுது முடித்தாயிற்று. சங்கத்து மெசினை நம்பாமல் கடைசிவரை மாட்டோடு மல்லுக்கட்டியவர் அவர் ஒருவர்தான். போன மாதம் மனைவி பத்மாசனி அழுது குழறி அந்தச் சோடி மாட்டையும் விற்க வைத்தாள். நாளை விடிய இரணைமடு வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்கள். வயல் சேறானால் இந்தப் பாரமான மெசின் புதைந்துவிடும். இன்று உழாவிட்டால் அவருடைய மூன்று ஏக்கருக்கும் சிறுபோக விதைப்பு இல்லை.

“நேற்று நல்லாத்தானே ஓடினது, அப்பு. நான்தானே கொண்டுவந்து இந்த மரத்துக்குக் கீழ விட்டுட்டுப் போனனான்” என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

“அப்ப இடையில ஆரோ கை வைச்சிருக்கிறான்.”

“ஆர் வைக்கிறது? நீங்கள்தான் கதிரை போட்டுக் காவல் இருந்தனீங்களாமே.”

“இருந்தனான். ஒரு காகத்தைக்கூட அண்ட விடேல்லை. அதுதான் சொல்லுறன், ஆரோ கை வைச்சிருக்கிறான்!”

கொன்ஸ்ரன்ரைன் இறங்கினான். முல்லைத்தீவுக் கடற்கரையில் வள்ளத்து என்ஜினோடு மாரடித்துப் பழகியவன். பொறுமை கொஞ்சம் அதிகம். லைற்றைப் போட்டான். எரிந்தது.

“பற்றரி சாகேல்லை.”

“அப்ப எது செத்தது?”

“அதைத்தான் பார்க்கிறன்.”

ஸ்ராட்டருக்குப் போகும் வயரை நுனியிலிருந்து அடிவரை தடவிப் பார்த்தான். பொத்தானைக் கழற்றித் துடைத்துப் பூட்டினான். டிக்.

“உது பக்கத்து வயல் பரமலிங்கத்தின்ர வேலை. நேற்று இதால போகேக்க ‘என்ன அப்பு, நாளைக்கு உழவோ’ எண்டு கேட்டவன்.”

“கேட்டால் மெசின் நிண்டிடுமே?”

“அவன்ர வாய் உமக்குத் தெரியாது. ‘நல்லாக் காய்ச்சிருக்கு’ எண்டு ஒரு சொல்லுத்தான் சொன்னவன், என்ர பூசணிக்கொடி அடியோட கருகினது.” கிழவர் கண்ணைச் சுருக்கினார். “இல்லாட்டி நீர்தான் ஏதும்...”

“நானோ?”

“நேற்றுப் போகேக்க இதுக்கு முன்னால நிண்டு சிலுவை போட்டனீர். பார்த்தனான்.”

“அது எனக்குப் போட்டனான், அப்பு. உங்கட வயலுக்கு வாற நேரமெல்லாம் போடுறனான்.”

கிழவர் காறித் துப்பினார்.

“தள்ளிப் பார்ப்பமெண்டால் நாலு பேர் வேணும்” என்றான் அவன்.

“எல்லாரும் வாய்க்கால் துப்பரவாக்கப் போயிட்டாங்கள்.”

“நீங்கள் போகேல்லையோ?”

“நான் போனால் இதை ஆர் காக்கிறது?” அவர் குரல் ஒரு நிமிடம் இறங்கியது. “என்ர மாட்டைப் புளியங்குளத்தானுக்கு வித்திருக்கக் கூடாது. வாலை முறுக்கினால் காணும், எழும்பி நிக்கும்.”

பத்மாசனி தேநீர்ச் செம்போடு வரப்பில் வந்தாள். மெசின் நிற்பதையும் கிழவரின் முகத்தையும் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது. மாட்டை விற்க வைத்தவள் அவள்தானே. செம்பைக் கிழவரிடம் நீட்டிவிட்டு மெசினருகே போய் நின்றாள்.

“ஆச்சி, ஒரு உதவி. நான் இதை அமத்தேக்க அந்த லைற்று என்ன செய்யுதெண்டு பார்த்துச் சொல்லுங்கோ” என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

டிக்.

“ஐயோ தம்பி, அணைஞ்சு போச்சு!”

“அப்ப பிடிபட்டுது! பற்றரியில வயர் பூட்டின இடத்திலதான் பிழை. லைற்று எரியிற அளவுக்குக் கொஞ்சம் மின்சாரம் வருது. ஸ்ராட்டர் சுத்த அது காணாது.”

அவன் பற்றரிக்கு மேலிருந்த தகர மூடியில் கை வைத்தான்.

“அதைத் திறவாதையும்!” கிழவர் பாய்ந்து வந்தார். “அதுக்கு ஒரு குறையும் இல்லை.”

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“தெரியும்.”

“இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளையை வேலை செய்ய விடுங்கோ” என்றாள் பத்மாசனி.

மூடி திறந்தது. ஸ்பனரை எடுத்து ஒரு வயரின் பூட்டைக் கழற்றினான் கொன்ஸ்ரன்ரைன். பூட்டுக்கும் உள்ளே கொம்புபோல நீட்டியிருந்த ஈயக் குமிழுக்கும் நடுவில் மஞ்சளாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தான். மற்றப் பூட்டையும் கழற்றினான். அங்கேயும் அதே. உச்சியில் ஒழுங்காக ஒரு குங்குமப் பொட்டு வேறு.

“அப்பு சொன்னது சரிதான். ஆரோ கை வைச்சுத்தான் இருக்கினம். ஆச்சி, இது சந்தனம்!”

பத்மாசனி மெதுவாகக் கணவனின் பக்கம் திரும்பினாள்.

“அப்ப, விடிய வேலிக் கம்பி முறுக்கிற குறட்டையும் சந்தனக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு இஞ்சதானோ வந்தனீங்கள்? ‘உழவுக்கு முன்னம் கொம்புக்குச் சந்தனம் வைச்சிட்டு வாறன்’ எண்டீங்கள். மாட்டை வித்து ஒரு மாதமாச்சே, எந்தக் கொம்புக்கு எண்டு நானும் அப்பவே யோசிச்சனான்!”

கொன்ஸ்ரன்ரைன் இரண்டு குமிழையும் கத்தியால் சுரண்டி, வயரைப் பூட்டி, பொத்தானை அமத்தினான். மெசின் கரும்புகை கக்கி முழங்கியது.

“முப்பது வருசம் கொம்புக்குச் சந்தனம் வைச்சனான், ஒரு மாடும் படுத்ததில்லை” என்று சொல்லித் தடியைத் தூக்கிக்கொண்டு நடந்தார் வீரகத்தியர். “சந்தனத்தைச் சுரண்டினாப் பிறகு எழும்புறது நல்ல இனமே இல்லை.”