பெயரில்லாப் பெட்டிசம்

லண்டன் ஹவுன்ஸ்லோவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தவராசனின் மது லைசென்சை ரத்துச் செய்யும்படி பொலிஸ் கேட்டிருந்தது. ஓராண்டில் மூன்று கொள்ளைகள். எல்லாமே விஸ்கிப் போத்தல்களுக்காக. விசாரணைக்காகக் கவுன்சில் மண்டபத்தில் அவரும் மனைவி சுபத்திராவும் காத்திருந்தார்கள்.

"பொலிசைச் சமாளிக்கலாம். கமெரா கூட்டிறன், காவலுக்கு ஆள் போடுறன் எண்டு சொல்லலாம். லைசென்சைப் பறிக்கச் சொல்லிக் கவுன்சிலுக்குப் பேர் போடாமல் ஆரோ பெட்டிசம் எழுதியிருக்கிறான். அதுதான் பிரச்சினை," என்றார் தவராசன்.

"ஆரெண்டு நினைக்கிறியள்?"

"எதிர்க்கடைக்காரன்தான். நான் இழுத்து மூடினால் அவனுக்குத்தானே லாபம்."



விசாரணை தொடங்கியது. "கடிதம் எழுதியவர் இனிப் பெயரை மறைக்க விரும்பவில்லை. நேரில் பேசப்போகிறார்," என்றார் விசாரணைக் குழுத் தலைவர். மொழிபெயர்ப்பாளர் ஒருவர் முன்னால் வந்து நின்றார்.

தவராசன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. பக்கத்து நாற்காலியிலிருந்து சுபத்திரா எழுந்தார்.

"நான்தான் எழுதினனான்," என்றார் தமிழில். "கத்திக்கு முன்னால இவர் நிக்கிறதை, கடைக்கு மேல இருக்கிற எங்கட வீட்டில இருந்து மூண்டு தரம் கமெராவில பாத்திட்டன். குடிவகை விக்க வேண்டாமெண்டு அழுதும் பாத்திட்டன். நாலாந்தரம் பாக்க என்னால ஏலாது."

அன்று பிற்பகலே லைசென்ஸ் ரத்தானது.

பஸ் தரிப்பிடம் வரை தவராசன் நாலடி முன்னாலேயே நடந்தார். பஸ் வந்தபோதுதான் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"போத்தல் இருந்த தட்டெல்லாம் வெறுமையாக் கிடக்கப்போகுது. என்னத்தை அடுக்கலாமெண்டு நீயே சொல்லு."