அண்ணாச்சி திட்டிய கச்சேரி

"சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறானுகளாம். ஒருத்தன் அடிவயித்துல இருந்து பேய் மாதிரி கத்துவானாம். அதுக்கு நூறு ரூவா டிக்கெட்டாம். பிரஸ்ஸுக்கு எதுத்தாப்புல இருக்கே, அந்த மாடிப் பக்கம் பிள்ளைகள விட்றாதீக, சொல்லிட்டேன்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்கே கேட்கும்படி புலம்பிக்கொண்டிருந்தவர் வெடிக்கடை தனுஷ்கோடி அண்ணாச்சி. அவர் முதுகுக்குப் பின்னால் டீ கிளாஸோடு நின்ற காளீஸ்வரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த மாடி அவன் வாடகைக்கு எடுத்தது. பகலில் காலண்டர் கம்பெனியில் டிசைன் வேலை, மிச்ச நேரமெல்லாம் மாடியில் நடத்தும் அந்தச் சின்ன இசை கிளப்தான். சிவகாசியில் கிட்டாரும் டிரம்ஸும் அதிர மெட்டல் கச்சேரி போடப்போகிறேன் என்றவனை ஊர் ஏற இறங்கப் பார்த்தது. முதல் கச்சேரிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் வாசித்தவர்களின் அம்மாமாரும் அத்தைமாரும். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள், பாவம்.

கட்டடக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த மாதம் மெட்டல், அடுத்த மாதம் போஸ்ட்-ராக். இரண்டுக்கும் கூட்டம் வந்தால் கிளப் இருக்கும். இல்லையென்றால் மாடி காலண்டர் குடோன் ஆகிவிடும்.

காளீஸ்வரனும் சும்மா இருக்கவில்லை. "அருமையான இசை, அனைவரும் வருக" என்று பளபளவென்று போஸ்டர் அடித்து ஒட்டினான். போஸ்டர் அடித்தே பிழைக்கிற ஊரில் போஸ்டரை யார் பார்க்கிறார்கள்? ஒரு ஆடுகூட நின்று பார்க்கவில்லை.

இந்த லட்சணத்தில் அண்ணாச்சி வேறு. டீக்கடையோடு விட்டாரா மனுஷன்? சலூனில் புலம்பினார். பஸ் ஸ்டாண்டில் புலம்பினார். ஏழாயிரம்பண்ணைக்கு ஆள் ஏற்றிப்போகும் ஃபாக்டரி வேனைக் கைகாட்டி நிறுத்தி, ஜன்னல் வழியாகவும் புலம்பினார்.

"வருசம் பூரா வெடி விக்கிறவருக்கு நம்ம சத்தத்துல காது வலிக்குதாக்கும். நேராப் போய் நாலு கேள்வி கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பினான் காளீஸ்வரன்.

"கச்சேரி முடியட்டும்ணே, அப்புறம் போய்க் கேளுங்க. இப்ப இந்த வயரப் பிடிங்க" என்றாள் டிரம்ஸ் வாசிக்கும் பிரீத்திகா. ஆமத்தூர்ப் பெண், அவள் ஒன்று சொன்னால் கிளப்பில் மறுபேச்சு கிடையாது.

சனிக்கிழமை, விளக்கு வைக்கும் முன்னாலேயே படிக்கட்டில் நிற்க இடமில்லை. பட்டாசு ஆலைப் பையன்கள், பிரஸ் ஆட்கள், காலேஜ் பெண்கள், அப்படி என்னதான் கத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போக வந்த குடும்பஸ்தர்கள். முதல் பாட்டுக்குத் திருதிருவென்று முழித்தவர்கள், போகப் போகத் தலையாட்ட ஆரம்பித்தார்கள். அந்த ஃபாக்டரி வேன் டிரைவர் சீனிச்சாமி மேடைக்கே வந்து, தானும் ஒரு தடவை கத்திப் பார்க்கலாமா என்று கேட்டார். கத்தினார். நன்றாகவே கத்தினார்.

காளீஸ்வரனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக வெடிக்கடைக்குப் போனான். அண்ணாச்சியின் மூக்கை உடைத்துவிட்டு வந்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

தீபாவளி முடிந்த கடை. கல்யாண ஊர்வலத்துக்கு வெடி எடுக்க வந்த ஒரே ஒரு வெளியூர்க்காரர்தான் நின்றிருந்தார்.

"நேத்து உள்ள நிக்க எடமில்ல அண்ணாச்சி. எல்லாம் உங்க புண்ணியம்" என்றான் காளீஸ்வரன் நக்கலாக. "நீங்க திட்டத் திட்ட நாங்க வளந்துக்கிட்டேதான் இருப்போம்."

அண்ணாச்சி அதைக் காதில் வாங்கவில்லை. வெளியூர்க்காரர் கை வைத்த பெட்டியைப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தார்.

"அத எடுக்காதீக. சத்தம் ரொம்ப. உங்க தெரு தாங்காது. சாதுவான சரக்கு இங்கன இருக்கு பாருங்க."

"எங்க தெரு ஏன் தாங்காது? அதுலயே ரெண்டு பெட்டி கட்டுங்க" என்றார் அவர் ரோஷத்தோடு.

அண்ணாச்சி வேண்டாவெறுப்பாகக் கட்டிக்கொடுத்தார். ஆள் தெருமுனை திரும்பியதும் சிரித்தார்.

"கட தொறந்த நாள்ல இருந்து இப்படித்தாம்லே யாவாரம். அருமையான சரக்குன்னு சொல்லிப் பாரு, ஒருத்தனும் தொட மாட்டான்."

காளீஸ்வரன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கிழமை, நேரம், இடம், டிக்கெட் விலை. எங்கே போய்ப் புலம்பினாலும் அண்ணாச்சி இதில் ஒன்றைக்கூட விட்டதில்லை என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வந்த காரியத்தை நினைத்து வெட்கமாக இருந்தது.

"உங்களுக்கு அந்தப் பாட்டெல்லாம் பிடிக்குமா அண்ணாச்சி?"

"சத்தியமாப் பிடிக்கல. தலவலி." துண்டால் மேசையைத் தட்டினார். "ஆனா ஆள் வராத கடையத் தொறந்து வச்சிக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருக்கது இருக்கே, அந்தக் கொடும எனக்குத் தெரியும்லே. மொதக் கச்சேரி அன்னைக்கு நீ படிக்கட்டுல அப்படித்தான நின்ன."

காளீஸ்வரன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். அடுத்த மாதப் போஸ்ட்-ராக் கச்சேரியில் கத்துவதற்கு ஆளே கிடையாது. பாட்டும் கிடையாது. கிட்டார் மட்டும் மெல்ல மெல்ல ஏறும், மெல்ல இறங்கும், அவ்வளவுதான். அதைப் போய் என்னவென்று திட்டுவது?

அண்ணாச்சி தாடையைச் சொறிந்தபடி யோசித்தார். அதற்கும் நூறு ரூபாய்தானா என்று கேட்டார். என்றைக்கு என்று கேட்டுக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு நேராக டீக்கடைக்கு நடந்தார்.

"அநியாயத்தப் பாத்தீகளா? அடுத்த மாசம் கடைசிச் சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு, அதே மாடியில, ஒருத்தனும் வாயே தொறக்காம நூறு ரூவா வாங்கப் போறானுகளாம்."