நெட்டைத் தக்காளியின் ஒற்றைக் காய்

மலைச்சரிவுத் தோட்டத்தில் இரண்டு தக்காளிச் செடிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. உள்ளூர் விதையில் முளைத்த குட்டை, கோலிக்குண்டு அளவில்தான் காய்க்கும். இன்னொன்று சமவெளி விதையில் வந்த நெட்டை. இரவுக் குளிர் தாங்காமல் அதன் பூக்கள் தினமும் உதிர்ந்துபோயின.

"உனக்குக் குளிரலையா?" என்று நெட்டை கேட்டது.

"குளிரத்தான் செய்யுது. முடிஞ்ச அளவு காய்க்கிறேன்," என்றது குட்டை.

"எங்க ஊர்ல என் காய் ஒண்ணே உள்ளங்கையை நிறைக்கும். இங்கே பூத்துப் பூத்தே அலுத்துப்போச்சு."

மாதக் கடைசியில் நெட்டையிலும் ஒரு பூ உதிராமல் நின்று பிஞ்சானது. ஆனால் சுண்டைக்காய் அளவுக்கு மேல் அது வளரவில்லை. நெட்டைக்கு வெட்கமாகிவிட்டது. இலையொன்றைச் சாய்த்து அதை மூடிக்கொண்டது.

"மறைக்காதே! காய்க்காத செடியைப் பிடுங்க மாதியம்மா வர்றாங்க," என்று குட்டை பதறியது.

"இதையா காட்டச் சொல்றே? கொஞ்சம் பெருக்கட்டும்."

தோட்டக்காரி மாதியம்மா வந்து கிளை கிளையாகப் பார்த்தாள். "பாவம், நீயும் எவ்வளவு நாள்தான் பூப்பே?" என்று சொல்லி, நெட்டையை வேரோடு பிடுங்கி வரப்பில் போட்டாள்.

மூன்றாம் நாள் அதன் இலைகளெல்லாம் சுருண்டுபோயின. அந்தக் குட்டிக் காய் மட்டும், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி சிவந்து கிடந்தது.