கொலுசு அளந்த தூரம்

எதிரிலேயே பள்ளி இருக்கிறது என்றுதான் தணிகை அந்த வீட்டை வாங்கினான். ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் சேர்க்கை. ஆனால் இந்த ஆண்டு முதல் தூரத்தைப் பிள்ளையின் கொலுசு அளக்கிறது. கால் தயங்கத் தயங்கக் கிலோமீட்டர் கூடும்.

மகள் நிறைமதி தரையைப் பார்த்தபடி தெருவைக் கடந்தாள்.

"நாலு கிலோமீட்டர் காட்டுது சார்," என்றார் அளக்க வந்த பெண்.

"எதிர் வீடுங்க."

"உங்களுக்கு எதிர் வீடு. பாப்பாவுக்கு இல்லையே."

ஏரிக்கு அந்தப் பக்கப் பள்ளியில் முயல் வளர்க்கிறார்கள் என்று கேட்டதும் நிறைமதி ஓட்டமெடுத்தாள். கொலுசு அரை கிலோமீட்டர் என்றது. இடம் கிடைத்தது.

இப்போது தினமும் காலையில் தணிகை ஏரிக்கரையில் மூச்சு வாங்க நிற்கிறான். முன்னால் ஓடுகிற நிறைமதி திரும்பிப் பார்த்து, "பக்கந்தாம்ப்பா, வா" என்கிறாள்.